தூண் இருக்கிறது, பம்ப் எங்கே?

ரயில் நிலைய வாசலில் சைக்கிளைப் பழுதுபார்த்துக்கொள்ள ஒரு தூணை நட்டு வைத்திருக்கிறார்களே, நட்டவர்கள் யாராவது திரும்பி வந்து அதைப் பார்த்தார்களா? எஃகுக் கம்பி மட்டும் தொங்குகிறது, நுனியில் இருந்த ஸ்பேனர் போயே போச்சு. ஆறுமுகக் குழி போல்ட்டைத் திருகும் ஆலன் கீ மிச்சம் இருந்தால் முனை தேய்ந்து, போல்ட்டில் வைத்தால் சும்மா சுற்றுகிறது. அதிலும் 15 மி.மீ. ஸ்பேனர், பல சைக்கிள்களில் பின்சக்கர நட்டைக் கழற்ற அவசியமான அந்த ஒன்று, அதுதான் முதலில் காணாமல் போகும். யார் வீட்டில்தான் இத்தனை ஸ்பேனர் சேர்கிறதோ!

பம்ப் இன்னும் மோசம். குழாய் வெடித்திருக்கும், இல்லையென்றால் தலைக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் போயிருக்கும். நாம் மூச்சிரைக்க அழுத்த அழுத்த, காற்று டயரைத் தவிர எல்லாப் பக்கமும் போகிறது. மெல்லிய பிரெஸ்டா வால்வு, தடித்த ஷ்ரேடர் வால்வு இரண்டுக்கும் பொருந்தும் என்று ஸ்டிக்கர் வேறு. இரண்டுக்கும் பொருந்தாது என்று எழுதியிருந்தால் நேர்மையாக இருந்திருக்கும். சில பம்புகள் டயரில் இருந்த கொஞ்சக் காற்றையும் பிடுங்கிக்கொண்டுதான் நம்மை அனுப்பும். அழுத்தமானியா? அந்தக் கண்ணாடிக்குள் தண்ணீர்தான் இருக்கிறது.

அப்புறம் தூணில் ஒட்டியிருக்கும் அந்த கியூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் பஞ்சர் ஒட்டச் சொல்லித் தருமாம். வெயிலில் வெளுத்துப்போன கட்டத்தை எந்த போன் படிக்கும்? படித்தாலும் டயரைக் கழற்ற லீவர் வேண்டாமா? இதற்கெல்லாம் மேல், சைக்கிளை மாட்டித் தூக்கிவைக்கும் அந்தக் கைகளில் தன் வண்டியைப் பூட்டிவிட்டு ரயிலேறிப் போகிறாரே ஒரு மகான், அவருக்கு யார் பட்டா போட்டுக் கொடுத்தது?