கஞ்சா ஆபீசும் பத்து விரலும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி நடக்கும் வியாபாரம். 2008-இல் மருத்துவத்துக்கும், 2018-இல் 21 வயது நிரம்பிய எவரும் வாங்கலாம் என்றும் மக்களே ஓட்டுப் போட்டு அனுமதித்தார்கள். கண்காணிக்கத் தனித் துறையும் உண்டு. அந்தத் துறையில் வேலைக்கு வருகிறவர்களின் கைரேகையை, அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ வரை அனுப்பிப் பழைய குற்றம் உண்டா என்று சரிபார்க்க வேண்டுமா என்று கேட்டால், நான் 'வேண்டும்' கட்சி. லைசென்ஸ் கேட்டு வரும் வியாபாரியைப் பத்து விரலையும் பதியச் சொல்லும் ஆபீஸ், அவருடைய ஃபைலைப் புரட்டும் ஊழியரை மட்டும் விட்டுவிடலாமா? எந்தக் கிடங்கில் எவ்வளவு சரக்கு, எந்த வண்டி எப்போது கிளம்புகிறது என்பதெல்லாம் கண்காணிப்புக் கணினியில் இருக்கிறது. ரொக்கம் அதிகம் புழங்கும் தொழில் வேறு.

கைரேகை இல்லாமல் பெயரை மட்டும் வைத்துக் குற்றப் பதிவைத் தேடினால் பாதிக் கிணறு தாண்டின கதைதான். அப்பா பெயரை இனிஷியலாகப் போடும் நம் ஆட்கள் அங்கே படும் பாடு தனிக்கதை. ஆனால் மாநில அரசு நினைத்தவுடன் எஃப்பிஐ பதிவைக் கேட்டு வாங்கிவிட முடியாது. 1972-இல் வந்த 92-544 எண் அமெரிக்க மத்திய சட்டப்படி, இன்ன வேலைக்கு இந்தச் சோதனை தேவை என்று மாநிலம் சட்டம் போட வேண்டும், அதை மத்திய அரசு ஏற்கவும் வேண்டும்.

ரேகை எடுப்பதிலும் சங்கடம் இருக்கிறது. கண்ணாடித் தட்டில் ஒவ்வொரு விரலையும் நகத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை உருட்டுவார்கள். செங்கல், சிமெண்ட், பாத்திரம் என்று வருஷக்கணக்கில் உழைத்த கையில் ரேகை தேய்ந்திருக்கும். இரண்டு தடவை சரியாக விழாவிட்டால் திரும்பவும் பெயர்த் தேடல்தான்.

என் உறுத்தல் வேறு. ரிக் ஜான்சன் என்று ஒருவர். மாநிலச் சட்டமன்றத்தின் முன்னாள் சபாநாயகர். 2017 முதல் 2019 வரை மருத்துவக் கஞ்சா லைசென்ஸ் வாரியத்தின் தலைவர். லைசென்ஸ் கேட்ட தரப்பிடம் 1,00,000 டாலருக்கு மேல் லஞ்சம் வாங்கியதை ஒப்புக்கொண்டு, 2023-இல் 55 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு செய்த குற்றம், உட்காரும் முன் எடுத்த ரேகையில் எப்படித் தெரியும்?

ஆனால் சட்டம் மாறும் முன் ஒரு பொட்டலத்தோடு பிடிபட்ட பையன் இருக்கிறானே, அவன் கை வைத்ததும் மாட்டிக்கொள்வான். இன்று கடையில் ரசீது போட்டு விற்கும் பொருளுக்காக அவனுக்கு ஒரு குமாஸ்தா வேலையை மறுப்பது அநியாயம். அந்த மாதிரிப் பழைய வழக்குகளைத் தள்ளிவிட்டுப் பாருங்கள்.

சரி, கைரேகை எடுங்கள். சேரும் நாளில் ஒரு தடவை எடுத்து மூட்டை கட்டிவிடாமல், பிற்பாடு கைதானால் ஆபீசுக்குத் தகவல் வரும் 'ராப் பேக்' வசதியிலும் சேருங்கள். மேலே உட்காருகிறவர்கள் சொத்து, கடன், யாரோடு என்ன கூட்டு என்பதை வருஷாவருஷம் எழுதிக் கொடுக்கட்டும். ஜான்சன் வழக்கின் லஞ்சக் கணக்கில் கனடாவுக்குத் தனி விமானப் பயணமும் இருந்தது. 'உங்கள் பயணத்துக்கு யார் பணம் கட்டியது' என்று அந்தப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் நல்லது.