மழுப்புவதும் ஜாடை பேசுவதும் ஒன்றல்ல

மென்று முழுங்குவது, பூசி மெழுகுவது, சுற்றி வளைப்பது, பிடி கொடுக்காமல் பேசுவது, பொடி வைத்துப் பேசுவது, ஜாடை பேசுவது. எல்லாவற்றுக்கும் ‘தெளிவில்லாமல் பேசுதல்’ என்று ஒரே பொருள் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இது பெரிய தவறு என்பேன். இவற்றில் சில மிகமிகத் தெளிவான பேச்சு.

எந்தத் தொடர் வந்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். பேசுகிறவருக்கு விஷயம் தெரியுமா? கேட்பவருக்கு அது புரிய வேண்டும் என்று நினைக்கிறாரா?

மென்று முழுங்குகிறவருக்கு விஷயம் தெரியும். வாய் எடுத்தும் முடிக்க மாட்டார். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால் பெரும்பாலும் அதுதான் உள்ளே போகும். ஆனால் வேற்றுமை உருபு அதற்குள் வெளியே வந்துவிடும். ‘அந்தப் பணத்தை அவர்கிட்ட…’ என்று நின்றால் கொடுத்த பக்கம் சாய்கிறது. ‘அவர்கிட்டேருந்து…’ என்றால் வாங்கிய பக்கம். இதை எழுத்தில் பதிகிறவர்கள் வாக்கியத்தைத் தாங்களே முடித்துவிடுவதுதான் ஆபத்து. கொடுத்தாரா, கொடுக்கச் சொன்னாரா, கொடுத்து வைத்தாரா என்பது உருபில் இல்லை. நின்ற இடத்திலேயே நிறுத்துங்கள்.

பூசி மெழுக முதலில் ஒரு விரிசல் வேண்டும். தவறு வெளியே தெரிந்த பிறகு வரும் பேச்சு இது. அடையாளம், செய்தவர் காணாமல் போவது: ‘தவறு நடந்துவிட்டது’, ‘கவனத்துக்கு வரவில்லை’. யார் செய்தார், யார் கவனத்துக்கு என்று எழுவாயைத் தேடினாலே பூச்சு உதிர்ந்துவிடும். சுற்றி வளைப்பதில் இந்தக் கள்ளம் பெரும்பாலும் இல்லை. கடன், வரன் மாதிரி கூச்சமான விஷயத்துக்குத்தான் நீளமான பாதை. கேட்க வந்தது கடைசியில் வந்துவிடும்.

பிடி கொடுக்காதவர் இன்னும் முடிவே எடுக்காமல் இருக்கலாம். ‘பார்க்கலாம்’, ‘யோசிப்போம்’ என்று பேச்சு எதிர்காலத்திலேயே நிற்கும். செய்தி எழுதுவோர் இங்கேதான் சறுக்குகிறார்கள். ‘அமைச்சர் மழுப்பல்’ என்று தலைப்புப் போட்டால், அவருக்குப் பதில் தெரியும், தெரிந்தே தவிர்த்தார் என்று குற்றம் சாட்டியாகிவிட்டது. அதற்கு ஆதாரம் கையில் இல்லாதபோது ‘பிடி கொடுக்கவில்லை’ என்பதே நேர்மை.

ஜாடையும் பொடியும் நேர் எதிர்த் திசை. இங்கே புரிந்தே ஆக வேண்டும், உரியவருக்கு. முகம் ஒருவரைப் பார்க்கும், சொல் பக்கத்தில் இருப்பவரைக் குத்தும். ‘சில பேருக்குச் சொன்னாலும் உறைக்காது’ என்பதில் அந்தச் ‘சில பேர்’ பெரும்பாலும் ஒரே ஒருவர். அந்த அறையிலேயே இருப்பவர். மொழிபெயர்க்கும்போது இதைப் பொதுக்கருத்தாக மாற்றிவிட்டால் சண்டையே காணாமல் போகிறது. பிறகு பக்கத்தில் இருந்தவர் ஏன் எழுந்து போனார் என்று வாசகருக்குப் புரியாது.

மறைமுகப் பேச்சும் பதில்தான் என்பதை நன்னூல் எப்போதோ ஒத்துக்கொண்டது. விடை எட்டு வகை என்கிறது. அதில் சுட்டு (இதுதான் என்று காட்டுவது), மறை (மறுப்பது), நேர் (உடன்படுவது) மூன்றுதான் நேரடி. மீதி ஐந்தும் சுற்றுவழி, ஆனாலும் பொருள் போய்ச் சேர்வதால் விடையென ஏற்கப்பட்டவை. ‘ஆடுவாயா?’ என்றால் ‘கால் வலித்தது’ என்பது உற்றது உரைத்தல், ‘கால் வலிக்கும்’ என்பது உறுவது கூறல், ‘பாடுவேன்’ என்று அதற்கு இனமான வேறொன்றைச் சொல்வது இனமொழி. மூன்றும் மாட்டேன் என்றே முடிகின்றன.

மழுப்பலைப் பிரித்தறிய எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சோதனை இல்லை. பதில் வந்தபின், அது ஆமா இல்லையா என்று கேள்வி கேட்டவரால் சொல்ல முடிகிறதா? ‘நாளைக்குப் பணம் தருவீங்களா?’ ‘இன்னும் சம்பளமே வரலையே.’ இதை ‘நேரடியாகப் பதிலளிக்கவில்லை’ என்று மட்டும் பதிந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. தர முடியாது என்று அவர் சொல்லிவிட்டார்.