ஆக்ஸ் கேபிளைப் பிடுங்கியவர்களுக்கு

ஞாயிறு மாலை மொட்டைமாடியில், ஆளுக்கு ஆள் முறை வைத்துப் பாட்டுப் போட்டுக் கேட்கும் நம் கூட்டத்தில் நடந்தது வந்திருந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கு இந்நேரம் வாட்ஸப்பில் வீடியோவே போயிருக்கும். அதனால் முழுக் கதையையும் சொல்லப்போவதில்லை. என் முறை வந்தது, பாட்டைப் போட்டேன், அரை நிமிடம்கூட ஓடியிருக்காது, ஒரு பெரியவர் எழுந்து வந்து என் போனிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் ஆக்ஸ் கேபிளைப் பிடுங்கினார். "என்னப்பா இது பொம்மைச் சத்தம்? நல்ல பாட்டா ஏதாவது போடு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வயதில் மூத்தவர், வேறென்ன செய்ய?

பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் இந்தப் பதிவே கிடையாது. எனக்கே பிடிக்காத பாட்டு ஆயிரம் இருக்கிறது. அன்றைக்கு அந்த மாடியிலேயே சிலதைக் கேட்டேன், வாயை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டேன். ஆனால் "பொம்மைச் சத்தம்" என்றால், செய்தவனுக்கு ஒன்றும் தெரியாது, ஏதோ தட்டிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தமாகிறது. அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. நான் போட்ட பாட்டைச் செய்த ஜப்பானிய எலக்ட்ரானிக் இசைக்காரர்களுக்கு எல்லாம் தெரியும் சார். தெரிந்துதான் விளையாடுகிறார்கள். இந்த ஒன்றைத்தான் சொல்ல வருகிறேன். திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் போட்டது எல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா என்ற குழுவின் முதல் ஆல்பம். டோக்கியோ, 1978. ஹருஓமி ஹொசோனோ, யுகிஹிரோ தகஹாஷி, ரியுயிச்சி சகாமோட்டோ என்று மூன்று பேர். ஆரம்பத்தில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் வீடியோ கேம் கடையின் இரைச்சலைத்தான் சின்தசைஸர் என்ற மின்னணு வாத்தியத்தில் செய்து வைத்திருப்பார்கள். பீப், பூப், டொய்ங். அதற்குள் நம் நீதிபதிகள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். கொஞ்சம் பொறுத்திருந்தால் அந்த இரைச்சல் அப்படியே 'ஃபயர்கிராக்கர்' என்ற பாட்டுக்குள் போய் விழுவதைக் கேட்டிருக்கலாம். அது மார்ட்டின் டென்னி என்ற அமெரிக்கர் ஐம்பதுகளில் போட்ட மெட்டு. கிழக்கு என்றால் மணியோசை, மூங்கில், மர்மம் என்று அமெரிக்க வரவேற்பறைகளுக்காகக் கற்பனை செய்த இசை. ஹொசோனோ அதை எடுத்து, எலக்ட்ரானிக் டிஸ்கோவாக்கி, கிழக்கிலிருந்தே அவர்களுக்குத் திருப்பி அனுப்பினார். எங்களை இப்படித்தானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், இந்தாங்க வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லாமல் சொல்லும் கேலி அது. 1980இல் அமெரிக்காவின் சோல் ட்ரெயின் டிவி இசை நிகழ்ச்சிக்கே போய் அதை வாசித்துவிட்டும் வந்தார்கள். ஒன்றும் தெரியாதவன் செய்கிற வேலையா இது?

"கம்ப்யூட்டர்தானே வாசிக்குது, பட்டனை அமுக்கினா பாட்டு" என்று படி இறங்கும்போது ஒருவர் சொன்னார். சொன்னவர் ஐடியில் இருக்கிறார், அதுதான் வேடிக்கை. அவர்களிடம் இருந்தது 1977இல் வந்த ரோலண்ட் எம்சி-8, சின்தசைஸருக்கு எந்த சுரத்தை எப்போது வாசிக்கவேண்டும் என்று சொல்லும் இயந்திரம். ஒவ்வொரு சுரத்துக்கும் எந்தச் சுருதி, எவ்வளவு நீளம், அந்த நீளத்தில் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் எண்களாகத் தட்டவேண்டும். ஒரு எண் பிசகினால் மெட்டு போச்சு. தட்டி முடித்ததை கேசட்டில் ஏற்றிச் சேமிக்கவேண்டும். இதைச் செய்தவர் ஹிடேகி மட்சுதகே, சின்தசைஸர் இசையமைப்பாளர் இசாவோ டொமிடாவிடம் உதவியாளராக இருந்து தொழில் பழகியவர். மேடையில் மூவருக்கும் பின்னால், ஒயர்கள் தொங்கும் பெரிய சின்தசைஸர் அலமாரியோடு நிற்பார். நாலாவது உறுப்பினர் என்றே அவரைச் சொல்வார்கள். அந்த இயந்திரம் காதுக்குள் தட்டும் க்ளிக்கைக் கேட்டுக்கொண்டே, மேடையில் மொத்தக் கச்சேரிக்கும் டிரம்ஸ் வாசிப்பார் தகஹாஷி. பட்டன் அமுக்குகிறார்களாம்.

எனக்கு இதில் பழைய கணக்கு ஒன்று உண்டு. சின்ன வயதில் துபாயிலிருந்து மாமா ஒரு கேசியோ கொண்டுவந்து கொடுத்தார். மடியில் அடங்குகிற அளவு. ஒவ்வொரு கட்டையும் சுண்டுவிரல் அகலம்தான் இருக்கும், இரண்டு விரல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இடித்துக்கொள்ளும். பியானோ, ஆர்கன் என்று சத்தங்களுக்கு எண் போட்டிருக்கும். எண் கூடக் கூட அவை கிறுக்காகிக்கொண்டே போகும். பூச்சி கத்துவதுபோல ஒன்று இருந்தது. அதில்தான் நான் சரளி வரிசை வாசிப்பேன். முதலில் சிரிப்பு வரும். கொஞ்ச நேரம் விடாமல் வாசித்தால் சிரிப்பு அடங்கிவிடும், மாயாமாளவகௌளை ராகம் பூச்சிக் குரலில் வேறொரு முகம் காட்டும். அதை யாருக்காவது காட்டவேண்டும் என்று பாட்டு வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஆசிரியர் ஒரு வரிகூடக் கேட்கவில்லை. கேசியோவைத் திருப்பிப் போட்டு, பேட்டரிகளைக் கழற்றித் தன் மேசை டிராயரில் போட்டுக்கொண்டார். "வித்தையோட விளையாடாதே." அவ்வளவுதான் சொன்னார். வேறு பேட்டரி வாங்க வீட்டில் காசு கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. கேசியோ பரண் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை கேபிளைப் பிடுங்கிய கை எனக்கு யார் கையாகத் தெரிந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அப்புறம் எத்தனையோ வருடம் கழித்து, நைட் ஷிப்டில் வேலை பார்த்தபோது, கூட வேலை செய்த பெண் ஒரு லிங்க் அனுப்பினாள். பெர்ஃபியூம் என்று ஹிரோஷிமாவிலிருந்து கிளம்பிய மூன்று பெண்கள், 'பாலிரிதம்' என்ற பாட்டு, 2007. இசை யாசுதகா நகாதா. குப்பையைப் பிரித்துப் போடுங்கள், மறுசுழற்சி செய்யுங்கள் என்கிற பொதுநல விளம்பரத்தில் டிவியில் ஓடிய பாட்டு அது. நடுவில் ஒரு இடம் வரும். பாட்டின் சொற்கள் வெட்டுப்பட்டு, சுழன்று சுழன்று, கீழே நாலு எண்ணி ஓடும் தாளத்தின் மேல் ஐந்தாகவும் ஆறாகவும் புரளும். நான் வீட்டில் போட்டபோது என் மனைவி அடுக்களையிலிருந்து "போன் மாட்டிக்கிச்சா பாருங்க" என்றாள். மாட்டவில்லை. எல்லாம் கடைசியில் தாளத்தின் முதல் அடியான சமத்தில் வந்து சேர்ந்தது. இதையே தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் செய்தால் தொடையில் தாளம் போட்டு, விரல்விட்டு எண்ணி, "ஆஹா, கணக்கு!" என்று தலையாட்டுகிறோமே, அதே ஆட்கள்தானே நாம்? பளபளப்பான உடை போட்ட பெண்கள் செய்தால் மட்டும் கணக்கு எங்கே போய்விடுகிறது?

"ஜெர்மனிக்காரன் கிராஃப்ட்வெர்க் குழு செய்ததைப் பார்த்துச் செய்ததுதானே?" ஆமாம், இவர்களும் கிராஃப்ட்வெர்க்கைக் கேட்டவர்கள்தான். சரி. அடுத்து.

"மொழி புரியாம எப்படி ரசிக்கிற?" இதைக் கேட்டவர் அன்றைக்கு பாகிஸ்தானிய கவ்வாலி போட்டார். அடுத்து.

இப்போது முக்கியமான ஆளுக்கு வருகிறேன். சகாமோட்டோ 2023 மார்ச்சில் இறந்தபோது, 'மெர்ரி கிறிஸ்மஸ் மிஸ்டர் லாரன்ஸ்' படத்தின் பியானோவைப் பகிர்ந்து, ஆன்மாவை உருக்குகிறது என்று இதே பெரியவர்தான் எழுதினார். நான் அதற்கு இதயம் போட்டேன். அந்த இசை வந்தது 1983இல். அதே 1983இல் அதே சகாமோட்டோ, மற்ற இருவரோடு சேர்ந்து, ஒரு மேக்கப் கம்பெனி விளம்பரத்துக்காக 'கிமி நி முனே க்யுன்' என்று கொஞ்சல் காதல் பாட்டு ஒன்று பாடினார். ஐடல் என்று அங்கே சொல்லும் இளவட்டப் பாப் நட்சத்திரங்கள் பாடுகிற தினுசு. மூவரும் முப்பதைத் தொட்டுவிட்டவர்கள். ஜப்பானியத் தரவரிசையில் இரண்டாமிடம் வரை போனது. ஒரே ஆள், ஒரே வருடம், ஒரே மூளை. பியானோவில் உட்கார்ந்தால் மேதை, பீப் போட்டால் பொம்மைக்காரனா? அவருக்கு அந்தப் பிரிவினை இல்லை. உங்களுக்கு ஏன் இருக்கிறது? முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வந்தால்தான் இசை என்று யார் சட்டம் போட்டது?

"நம்ம ஊர் இசையை விட்டுட்டு ஜப்பான்காரன்கிட்ட போயிட்டான்" என்று ஒரு பேச்சும் காதில் விழுந்தது. இது வலித்தது. யார் எதை விட்டது? அன்றைக்கு அடுத்து நான் போடுவதற்காக வைத்திருந்தது என்ன தெரியுமா? ஹொசோனோ 1978இல், எல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ராவுக்குச் சற்று முன்னால், ஓவியர் ததனோரி யோகோவோடு இந்தியா சுற்றிவிட்டுப் போய்ச் செய்த 'கொச்சின் மூன்'. முழுக்க முழுக்க சின்தசைஸர். வந்த இடத்தில் மனிதர் வயிறு கெட்டுப் படாத பாடு பட்டார். ஊருக்குப் போய் அதையும் பாட்டாக்கிவிட்டார். ஒரு பாட்டுக்குப் பெயர் 'ஹெபடைடிஸ்'. மஞ்சள் காமாலை வகையறா நோயின் பெயரை வைத்துவிட்டு, துள்ளித் துள்ளி ஓடும் ஒரு மெட்டு. ஆல்பத்தின் கடைசிப் பாட்டின் பெயர் 'மேடம் கான்சல் ஜெனரல் ஆஃப் மெட்ராஸ்'. ஆமாம், மெட்ராஸ். நம்ம மெட்ராஸ். இந்த ஊர் பெயரில் ஒரு ஜப்பானியர் செய்த எலக்ட்ரானிக் பாட்டு நாற்பது வருடத்துக்கு மேலாக உலகத்தில் இருக்கிறது, இதே மெட்ராஸில் ஒரு மாடியில் அதைக் கேட்க ஆள் இல்லை.

இன்னொன்றும் வைத்திருந்தேன். அசா-சாங் அண்ட் ஜுன்ரே என்ற ஜப்பானியக் குழுவின் 'ஹனா', 2001. அதில் தபலா வாசிப்பவர் யூசான் என்ற ஜப்பானியர், இந்தியாவில் குருவிடம் இருந்து முறைப்படி கற்றவர். வயலின்கள் ஒரே இடத்தில் வட்டமடித்துக்கொண்டிருக்கும். மேலே ஒரு பேச்சுக் குரல், அசை அசையாக நறுக்கப்பட்டது. ஒவ்வொரு அசை விழும்போதும் அதே கணத்தில் ஒரு தபலா அடி. குரல் தயங்கினால் தபலாவும் தயங்கும், குரல் கொட்டினால் தபலாவும் கொட்டும். வாயாலேயே தாளச் சொற்களைச் சொல்லும் கொன்னக்கோலைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது எங்கே தொடும் என்று உங்களுக்கே தெரியும். கேட்டிருந்தால்.

அதற்காக எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்றில்லை. இந்த வகையில் குப்பையும் நிறைய. கீச்சென்ற குரலும் கார்ட்டூன் சத்தமும் போதும் என்று நினைத்துச் செய்தவற்றை என்னாலும் இரண்டு பாட்டுக்கு மேல் தாங்க முடிவதில்லை. அதைச் சொன்னால் ஒத்துக்கொள்வேன்.

சரி, பொம்மை என்றே வைத்துக்கொள்வோம். பொம்மை என்றால்தான் என்ன? மேவா டென்கி என்று ஒரு குழு. டோசா சகோதரர்கள் 1993இல் தொடங்கியது. அப்பா நடத்தி நொடித்துப்போன எலக்ட்ரிக் உதிரிபாகக் கம்பெனியின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். தொழிலாளிகள் போடும் நீலச் சட்டையோடுதான் மேடை ஏறுவார்கள். கச்சேரி என்று சொல்லமாட்டார்கள், 'தயாரிப்புச் செயல்விளக்கம்' என்பார்கள். நொடித்துப்போன அப்பாவின் கம்பெனிப் பெயரோடு மேடையில் நின்று சிரிப்பு மூட்டுகிறார்கள். இதில் இருக்கிற சோகம் உங்கள் எந்த முகாரியில் இருக்கிறது, சொல்லுங்கள்.

2009இல் அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்ததுதான் ஒட்டமட்டோன். தலைப்பிரட்டை உருவம், தலையில் இரண்டு கண், ஒரு வாய். வாலில் விரலை மேலும் கீழும் நகர்த்தினால் சுருதி மாறும். கன்னம் இரண்டையும் அமுக்கினால் வாய் திறந்து "வா" என்று கத்தும். என்னிடம் ஒன்று இருக்கிறது. வாலில் எந்த சுரம் எங்கே என்று கோடு கிடையாது, காதை வைத்துத்தான் பிடிக்கவேண்டும். ஒரு மயிரிழை தள்ளினால் அபசுரம். பொம்மைதானே என்று இளக்காரமாகப் பேசியவர்கள் ஒரு தடவை வாங்கி, ச-ப-ச சுத்தமாகப் பிடித்துக் காட்டட்டும். என் அக்கா மகள் பிடித்துவிட்டாள். ஒன்பது வயது. அவளிடம் யாரும் இன்னும் வித்தையோடு விளையாடாதே என்று சொல்லவில்லை. சொல்ல விடமாட்டேன்.

ஏதோ எழுத ஆரம்பித்து எங்கோ வந்துவிட்டேன். பாட்டைப் பற்றித்தான் பேச நினைத்தேன். உண்மையில் பாட்டு மட்டும் என்றால் இவ்வளவு நீளம் எழுதியிருக்கமாட்டேன். அந்தக் கூட்டத்துக்கு நான் நாற்காலி தூக்கியிருக்கிறேன், ஸ்பீக்கருக்கு என் வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டி கொண்டுபோயிருக்கிறேன், மற்றவர்கள் போட்ட எத்தனையோ அழுகைப் பாட்டுக்கு உள்ளங்கை வலிக்கக் கைதட்டியிருக்கிறேன். எனக்காக மூன்று நிமிடம் உட்கார ஒருவருக்கும் பொறுமை இல்லை. "ஜோக்கா எடுத்துக்கோப்பா" என்று அட்மின் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். பாட்டில் ஜோக் இருந்தால் அது இசையாகாது, என் முகத்துக்கு நேரே அடித்தால் மட்டும் அது ஜோக். நல்ல நியாயம்.

உள்பெட்டியில் பட்டியல் கேட்ட இரண்டு மூன்று நல்ல உள்ளங்களுக்கு: 1979இல் வந்த 'சாலிட் ஸ்டேட் சர்வைவர்' ஆல்பத்தில் ஆரம்பியுங்கள், துள்ளல் அதிகம், உடனே ஒட்டிக்கொள்ளும். 'பாலிரிதம்' காலையில். 'கொச்சின் மூன்' ராத்திரி, கட்டாயம் ஹெட்போனில். 'ஹனா'வை வண்டி ஓட்டும்போது கேட்காதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஒட்டமட்டோனைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று அட்மினிடம் சொல்லியிருந்தேன். கொண்டுவரவில்லை. அதுவும் பேட்டரியில் ஓடுவதுதான்.