"மாட்டேன்"னு எப்போ சொல்றோம்ங்கறதுல தான் எல்லாம் இருக்கு

ஒரு பெரிய கொடுமை நியூஸ்ல வந்தா போதும், எல்லாரும் எழுதறது ஒண்ணுதான், "இவனெல்லாம் மனுஷனே இல்ல, மிருகம்". அந்த கோவம் நியாயமானது, அத நான் குறை சொல்ல வரல. ஆனா அவன மிருகம்னு சொன்ன உடனே நாம நல்லவங்க ஆயிடறோம், நம்மள பத்தி யோசிக்க வேண்டிய வேலை அதோட முடிஞ்சிடுது, அதுதான் எனக்கு பயமா இருக்கு. ஏன்னா உலகத்துல நடந்த பெரிய கொடுமைகள்ல நிறைய, வீட்டுக்கு போனா பிள்ளைய தூக்கி கொஞ்சற சாதாரண ஆளுங்க செஞ்சது.

1961ல யேல் யுனிவர்சிட்டியில ஸ்டான்லி மில்கிராம்ங்கற சைக்காலஜிஸ்ட் பண்ண சோதனைய நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. பேப்பர் விளம்பரம் பாத்து வந்த ஆளுங்க, பக்கத்து ரூம்ல இருக்கறவர் தப்பா பதில் சொல்ற ஒவ்வொரு தடவையும் கரண்ட் ஷாக் குடுக்கணும் (நிஜமா ஷாக் போகாது, அது இவங்களுக்கு தெரியாது). 40 பேர்ல 26 பேர் கடைசி 450 வோல்ட் வரைக்கும் போயிட்டாங்க. இந்த 26அ மட்டும் சொல்லி "பாத்தியா, மனுஷன் இவ்ளோதான்"னு முடிச்சிடுவாங்க எல்லாரும். நான் அந்த மெஷின தான் பாக்கறேன். 30 சுவிட்ச், ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் வெறும் 15 வோல்ட் வித்தியாசம். எடுத்த எடுப்புலயே 450அ அமுக்குன்னு சொல்லியிருந்தா, போய்யா நீயும் உன் சோதனையும்னு பாதி பேராவது எழுந்து போயிருப்பாங்கன்னு தான் நான் நம்பறேன். ஆனா 15 அமுக்கினவனுக்கு 30 என்ன பெரிய விஷயம், 150 வரைக்கும் வந்தவன் 165ல நிறுத்தணும்னா அப்போ இவ்ளோ நேரம் நான் பண்ணதும் தப்புதானேன்னு ஒத்துக்கணும், அத ஒத்துக்கறதுக்கு பதிலா அடுத்த சுவிட்ச அமுக்கறது ஈஸியா போயிடுது. ஒரு பொய்ய மறைக்க ஒன்பது பொய்ங்கற அதே கதைதான். 300 வோல்ட்ல அந்த பக்கத்துலேர்ந்து சுவத்துல தட்டற சத்தம் வருது, அப்புறம் கொஞ்ச நேரத்துல பதிலே வர்றது நின்னுடுது. இங்க உக்காந்திருக்கறவங்களுக்கு வேர்த்து கொட்டுது, நாக்கு குழறுது, உதட்ட கடிச்சிக்கறாங்க, கை மட்டும் நிக்கல. மனசாட்சி இல்லாதவனுக்கு எதுக்குங்க வேர்க்க போகுது? மனசாட்சி இருந்துச்சு, அது இருந்தும் பத்தல.

அதே சோதனைய வேற மாதிரியும் பண்ணாங்க, அத யாரும் சொல்றதில்ல. ஷாக் குடுக்கற எடத்துல கூட ரெண்டு பேர உக்கார வெச்சாங்க, அவங்க செட்டப் ஆளுங்க. ஒருத்தர் 150 வோல்ட்ல "என்னால முடியாது"ன்னு எழுந்துட்டார், இன்னொருத்தர் 210ல. இந்த தடவை 40 பேர்ல கடைசி வரைக்கும் போனது 4 பேர் மட்டும்தான். மெஷின் அதேதான், வந்தவங்களும் அதே மாதிரி ஆளுங்கதான். பக்கத்துல ஒருத்தன் எழுந்தான், அவ்ளோதான்!

இத நான் நேர்லயே பாத்திருக்கேன். ஒரு மீட்டிங்ல வேற யாரோ பண்ண தப்புக்கு ஒரு ஜூனியர் பொண்ண நிக்க வெச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டு இருந்தாங்க, அங்க உக்காந்திருந்த எல்லாருக்கும் உண்மை தெரியும், எல்லாரும் லேப்டாப் ஸ்கிரீனையே பாத்துட்டு இருந்தாங்க. பொதுவா வாயே திறக்காத ஒருத்தர், "சார், அது அவங்க வேலையே இல்ல"ன்னு ஒரு வரி சொன்னார். உடனே அந்த பக்கத்துலேர்ந்து "ஆமா சார்", இந்த பக்கத்துலேர்ந்து "மெயில்லயே இருக்கு சார்". அந்த ஒரு வரிக்கு முன்னாடி அவங்கல்லாம் கெட்டவங்களா, அப்புறம் நல்லவங்க ஆயிட்டாங்களா? எனக்கு அப்படி தோணல. யாராவது ஆரம்பிக்கட்டும்னு காத்திருந்தாங்க.

அவசரம் கூட மனுஷன மாத்திடும். 1973ல பிரின்ஸ்டன்ல பாதிரியார் படிப்பு படிக்கற மாணவங்கள வெச்சு ஒரு ஆய்வு வெளியாச்சு, வழியில ஒருத்தர் சுருண்டு கிடக்கறார், லேட்டாயிடுச்சுன்னு ஓடினவங்கள்ல 10% பேர் தான் நின்னு உதவினாங்க, நேரம் இருந்தவங்கள்ல 63%.

அப்போ எல்லாத்தையும் சூழ்நிலை மேல போட்டுட்டு தப்பிச்சிக்கலாமான்னா, கூடவே கூடாது. 1942 ஜூலை 13, போலந்துல யூசெஃபூவ்ங்கற ஊரு. ஜெர்மன் ரிசர்வ் போலீஸ் பட்டாலியன் 101, பெரும்பாலும் ஹாம்பர்க்கிலேர்ந்து வந்த நடுத்தர வயசு குடும்பஸ்தங்க, அவங்கள வரிசையா நிக்க வெச்சு, இங்க இருக்கற யூதர்கள சுடணும், வயசானவங்க முடியலன்னா இப்பவே விலகிக்கலாம்னு மேஜரே சொல்றார். கிட்டத்தட்ட 500 பேர்ல அந்த நேரத்துல விலகினது ஒரு டஜன் பேர். விலகினவங்கள யாரும் சுடல, ஜெயில்ல போடல. மத்தவங்க சுட்டாங்க, சாயங்காலத்துக்குள்ள சுமார் 1500 பேர் செத்தாங்க. கூட இருக்கறவன் கோழைன்னு நினைச்சுடுவான், வேலைய நம்மகிட்ட தள்ளிட்டு போறான்னு சொல்லுவான்ங்கற கூச்சம், அதுதான் நிறைய பேர அங்க நிறுத்தி வெச்சது. ஊரோட ஒத்து வாழ்னு நாம பெருமையா சொல்றோமே, ஊரே தப்பா போகும்போது என்ன பண்ணணும்னு எந்த பிள்ளைக்காவது சொல்லிக் குடுத்திருக்கோமா? பெரியவங்க சொன்னா கேக்கணும்னு மட்டும் தான் சொல்லி வளக்கறோம்.

ஆனா விலகின அந்த டஜன் பேரும் அதே வரிசையில தான் நின்னாங்க. அதனால தான் சூழ்நிலைங்கற சாக்க நான் ஒத்துக்க மாட்டேன்.

ஹியூ தாம்சன இங்க சொல்லியே ஆகணும். 1968 மார்ச் 16, வியட்நாம்ல மை லாய். அமெரிக்க சிப்பாய்ங்க கிழவங்க, பொம்பளைங்க, கைக்குழந்தைங்கன்னு பாக்காம சுட்டுட்டு இருக்காங்க, வியட்நாம் கணக்குப்படி செத்தது 504 பேர். மேல ஹெலிகாப்டர் ஓட்டிட்டு இருந்த தாம்சனுக்கும் அதே யூனிஃபார்ம் தான். அவர் ஊர் ஜனங்களுக்கும் தன்னோட நாட்டு சிப்பாய்ங்களுக்கும் நடுவுல ஹெலிகாப்டர இறக்கினார், இந்த ஜனங்கள நம்ம சிப்பாய்ங்க சுட்டா நீங்க அந்த சிப்பாய்ங்கள சுடுங்கன்னு தன் கூட வந்த ரெண்டு பேர்கிட்ட சொன்னார், லாரன்ஸ் கோல்பர்ன், கிளென் ஆண்ட்ரியாட்டா. அந்த ஆண்ட்ரியாட்டா பொணம் குவிஞ்சு கிடந்த வாய்க்கால்ல இறங்கி, உயிரோட இருந்த ஒரு குழந்தைய இழுத்து வெளிய எடுத்தார். மூணு வாரத்துல அவரும் போர்ல செத்துட்டார், இத எழுதும்போது கூட எனக்கு தொண்டை அடைக்குது. திரும்பி வந்த தாம்சனுக்கு சொந்த நாட்டுலயே துரோகின்னு பேரு, கொலை மிரட்டல். மரியாதையா மெடல் குடுக்க 30 வருஷம் ஆச்சு. தண்டனை கிடைச்சது அங்க சுட்ட சிப்பாய்ங்களோட அதிகாரி வில்லியம் கேலி ஒருத்தருக்கு தான், அவரும் மூணு வருஷ சொச்சம், அதுவும் பெரும்பாலும் வீட்டுக் காவல்ல இருந்துட்டு வெளிய வந்துட்டார்.

1998ல தாம்சனும் கோல்பர்னும் மை லாய்க்கு போனாங்க. அங்க தப்பிச்சு பிழைச்ச ஒரு அம்மா, அன்னிக்கு சுட்டவங்க ஏன் உங்க கூட வரலன்னு கேட்டாங்க, வந்திருந்தா நாங்க மன்னிச்சிருப்போமேன்னாங்க. என்னால அவங்கள மன்னிக்க முடியலன்னு தாம்சன் பின்னாடி வெளிப்படையாவே சொன்னார், நான் அந்த அளவுக்கு பெரிய மனுஷன் இல்லன்னார். அந்த அம்மா மனசு எனக்கு வராது, அவங்கள கையெடுத்து கும்பிடறேன். ஆனா சுட்டவங்கள்ல ஒருத்தன் கூட மன்னிப்பு கேக்க அன்னிக்கு அவங்க முன்னாடி வந்து நிக்காதப்போ, தாம்சன் சொன்னதுதான் எனக்கு சரின்னு படுது.