புள்ளிக் கணக்கு

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில், பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் தெரிந்தவர் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "குடியை நிறுத்தத் தம்பியை எங்கே சேர்த்தீக? எங்க பயலுக்கும் ஒரு ஏற்பாடு செய்யணும். எவ்வளவு ஆகும்னு மட்டும் சொல்லுங்க, டிரைவர் கூட அனுப்பி விட்டுர்றேன்" என்றார்.

டிரைவர் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. நானும் டிரைவரோடுதான் அனுப்பினேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. ஈரக் கையோடு நின்றுகொண்டு அவரிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். தம்பியிடமும் தம்பி பெண்டிரிடமும் (எங்கள் பக்கத்தில் மனைவியைப் பெண்டிர் என்போம்) படித்துக் காட்டி, சரி என்று சொன்ன பிறகுதான் போடுகிறேன். ஆத்தாவுக்கு மட்டும் காட்டவில்லை. ஆத்தாவைப் பற்றியும் நாலு வரி இருக்கிறது.

தம்பிக்குக் காரைக்குடியில் பெயிண்ட் கடை. அவன், அவன் பெண்டிர், மகள், ஆத்தா எல்லோரும் ஊரில், ஐயா கட்டிய வீட்டில். நான் சென்னையில் கணக்கெழுதிப் பிழைக்கிறவன். தம்பிக்குப் பதினோரு வருடக் குடி. ஆரம்ப வருடங்களில் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போவான். போய் வருகிற வரை ஒரு சொட்டுத் தொடமாட்டான். ஊர் திரும்பிய இரண்டாம் நாள் ஆரம்பித்துவிடுவான். அதைப் பார்த்துவிட்டு வீட்டில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தோம்: நினைத்தால் நிறுத்த முடிகிறது, அப்படியென்றால் நோயாவது ஒன்றாவது, எல்லாம் கொழுப்பு. நடைபாதையில் நிறுத்த முடிந்தவனுக்கு வீட்டுக்குள் வந்ததும் ஏன் முடியவில்லை என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. கடைசி முறை குன்றக்குடியில் புறப்பட்டு மறுநாளே கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, காரில் திருப்பிக் கூட்டிவந்தோம். (வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம் வரும், வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் பிரமை பிடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். சாமிமேல் சத்தியம் வாங்குகிறவர்கள் முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.)

முதல் மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம். முதல் மாதம் யாரும் பார்க்கக் கூடாது, அப்புறம் ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் பாக்கெட்டோடு பத்து நிமிடம். பணத்தை நான் சென்னையிலிருந்தே போட்டுவிடுவேன். முகம் தெளிந்து, நாலு கிலோ ஏறி வந்தான். ஆத்தா பால் பணியாரம் சுட்டு வைத்திருந்தார். தம்பி பெண்டிர் அவன் சட்டைப் பையில் மீதிச் சில்லறையை எண்ணிப் பார்த்தார். நான் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் போட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்பேன். சாப்பாடா எனக்கு முக்கியம்? நாக்குக் குழறுகிறதா என்று பார்ப்பதற்கு. இருபத்திரண்டு நாள் தாங்கியது. இரண்டாவது இடத்திலிருந்து வந்தபோது நாற்பது நாள்.

மூன்றாவது இடத்துக்குப் போன் செய்தபோது எடுத்த பெண், ஆளை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை என்றார். "வீட்டில் எத்தனை பேர்?"

"தம்பியோடு நாலு பேர்."

"நீங்கள்?"

"நான் சென்னை."

"பணம் யார் கட்டுவது?"

"நான்தான்."

"அப்படியானால் ஐந்து பேர். சனிக்கிழமை காலை பத்து மணி."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமை பல்லவனில் ஏறினேன்.

ஒரு ஹால், பிளாஸ்டிக் நாற்காலிகள். கவுன்சிலருக்கு முப்பது வயதுகூட இருக்காது. "குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று வீட்டில் முதலில் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். ஆத்தா, "எனக்குத்தான், வாசம் வந்துரும்" என்றார். பத்து வயது மகள் தலையைத் தூக்காமல், "எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும்" என்றாள்.

எப்படி?

"முகப்புல செருப்பை ஜோடியா, நேரா விட்டிருப்பாக. சும்மா வர்ற அன்னைக்கு ஒண்ணு ஒரு பக்கம் கிடக்கும்."

தம்பி தன் வெறுங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். செருப்பை ஹால் வாசலில் விட்டிருந்தான். நேராக இருந்தால் நீ என்ன செய்வாய் என்று கவுன்சிலர் கேட்டார். "நோட்டை எடுத்துக்கிட்டு ரெண்டாங்கட்டுக்குப் போயிருவேன். அப்பத்தா டிவிய சத்தமா வைப்பாக. அம்மா முகப்புக் கதவைச் சாத்துவாக. அப்புறம் பெரியப்பா போன் வரும்." பள்ளிக்கூட டைம்டேபிளை ஒப்பிப்பது போலச் சொன்னாள். சென்னையில் இருந்த எனக்கும் அதில் ஒரு பீரியட் இருந்தது.

குடும்ப சிகிச்சை என்றதும் நான் பயந்தது வேறு. யார் குற்றவாளி என்று கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்தேன். தம்பி பெண்டிருக்கு அது பழகிய விஷயம். "நீ சரியா இருந்தா அவன் ஏன் வெளியே போறான்" என்று கேட்காத உறவு இல்லை. கவுன்சிலர் முதல் நாளே சொன்னார்: இந்தக் குடிக்கு நீங்கள் யாரும் காரணம் இல்லை, உங்களால் அதைக் கட்டுப்படுத்தவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 1951ல் அமெரிக்காவில் தொடங்கிய அல்-அனான் குழுக்கள் இன்றுவரை சொல்லிக்கொண்டிருப்பதும் இதைத்தான். தம்பி பெண்டிர் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். ஆத்தா எதிரே உட்கார்ந்திருக்கும்போதே சொல்லச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். போன இரண்டு வருடத்தில் அவன் குடியை ஒட்டி நீங்கள் செய்ததை எழுதுங்கள் என்றார்கள். கணக்குக்காரனுக்குச் சொல்ல வேண்டுமா? பற்று வரவு பிரித்தே எழுதினேன். சரக்கு கம்பெனிக்கு அவன் வைத்த பாக்கி, அடகுக் கடையில் மீட்ட வளையல், பைக்கை விட்டு மோதியதற்குக் கொடுத்தது, இரண்டு மையங்களுக்குக் கட்டியது. கூட்டினால் 4,10,000 ரூபாய். அதைத் தவிர ரூபாயில் வராத பொய்கள்: கம்பெனி ரெப்பிடம் டைஃபாய்டு என்றது, குடும்பப் படைப்புப் பூசைக்கு வராததற்கு வெளியூர் சரக்கு என்றது. கவுன்சிலர் தாளை வாங்கிப் பார்த்தார். "இவ்வளவும் உங்கள் பேரில் பற்றாகியிருக்கிறது. அவர் பேரில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அவன் பக்கம் வெறும் தாள். ஐந்தொகை போட்டுப் பார்க்கத் தெரிந்த பரம்பரை என்று பெருமை பேசுகிற நான், பதினோரு வருடம் ஒரு பேரேட்டைத் தப்பாக எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். அவன் குடிக்கு விலை என்ன என்பது அவனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டது நான்.

அப்புறம் காலண்டர். இதை முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தினமும் காலையில் தம்பி தன் பெண்டிரிடம், "நேத்து குடிக்கலை. இன்னைக்கும் குடிக்க மாட்டேன்" என்று சொல்ல வேண்டும். அவர், "சரி, நேத்து இருந்ததுக்கு நன்றி" என்று சொல்ல வேண்டும். தினசரி காலண்டர் தாளைக் கிழிப்பதற்கு முன் அதில் ஒரு டிக். மையத்தில் கொடுத்த மாத்திரையை அவர் பார்க்க விழுங்க வேண்டும். அதோடு முடிந்தது, அன்றைக்குப் பழைய கதை எடுக்கக் கூடாது. எடுப்பதாக இருந்தால் சனிக்கிழமை கவுன்சிலர் முன்னால். தம்பதிகளுக்கான இந்த முறையை அமெரிக்காவில் டிமதி ஓ'ஃபாரல் போன்றவர்கள் பல வருடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று பிற்பாடு படித்தேன். எங்கள் வீட்டில் இதில் அதிகம் தவித்தது ஆத்தாதான். "அப்பவே நான்" என்று ஆரம்பித்துவிட்டு, பேத்தி பார்க்கிறாள் என்றதும் வாயைப் பொத்திக்கொள்வார்.

எட்டாவது மாதம் அவன் மறுபடி குடித்தான். மதுரைக்குப் போன இடத்தில். ராத்திரி வந்தான். மகள் வளவில் நின்றுகொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "அப்பா, செருப்பு நேரா இருக்கு" என்றாள். டிவி சத்தம் ஏறவில்லை. கதவைச் சாத்தவில்லை. "காலைல பேசுவோம்" என்று சொல்லிவிட்டுத் தம்பி பெண்டிர் படுக்கப் போய்விட்டார். மறுநாள் காலை அவனே கவுன்சிலருக்குப் போன் செய்தான். பழைய கணக்குப்படி அது மூன்று மாதத்துக்கு இழுத்திருக்கும். மூன்றே நாளில் மீண்டான். இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது.

என் அபிப்பிராயம் இனிமேல்தான். நம் பக்கத்தில் கூடப் போவதென்றால் பெண்டிர் போக வேண்டும், இல்லையென்றால் ஆத்தா. அந்த ஹாலில் நாலு சனிக்கிழமையும் எண்ணினேன். பெண்கள் நிறைய. என்னைத் தவிர அண்ணன் ஒருவர், அவ்வளவுதான். அப்பச்சிமார் (அப்பாக்கள்) கார் நிறுத்தும் இடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். பணத்தைக் கையில் வைத்திருப்பவர், கடனை அடைப்பவர், வெளியே பொய் சொல்லி மானம் காப்பவர் எல்லாம் ஆண்கள். அதிகாரமே இல்லாத ஒரு பெண்ணைக் கூட்டிவந்து, "நீங்கள் அவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்" என்றால் அவர் என்ன செய்வார்?

எங்கள் நகரத்தார் (செட்டியார்) கோயில்களில் ஆள் கணக்கு கிடையாது, புள்ளிக் கணக்கு. கல்யாணம் ஆகிக் கணவன் மனைவி சேர்ந்தால்தான் புள்ளி. வரி கேட்கக் கோயில் இப்படிக் கணக்கு வைத்திருக்கிறது. வைத்தியத்துக்கு மட்டும் நாம் ஏன் ஒற்றை ஆளை வண்டியில் ஏற்றுகிறோம்?

இதெல்லாம் வெள்ளைக்காரன் இறக்குமதி என்று ஒரு சித்தப்பா சொன்னார். 1950களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பங்களை வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் சிஎம்சி மனநல மையத்திலும் குடும்பத்தார் கூடவே தங்குவது பல காலமாக நடக்கிறது. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980ல் சென்னையில் டிடிகே மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே குடும்பத்தாருக்கென்றே தனி வகுப்புகள் வைத்தார்கள். நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் பல்லவனில் போய் அங்கே சேர்த்திருப்பார்கள். வகுப்புக்கு உட்கார்ந்தவர் எத்தனை பேர் என்று கேட்கத் தோன்றுகிறது.

"அவன் வரவே மாட்டேங்கறானே" என்பவர்களுக்கு ஒன்று. ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய கிராஃப்ட் என்ற முறையில் குடிக்கிறவரை விட்டுவிட்டு வீட்டாருக்கு மட்டும் பயிற்சி கொடுக்கிறார்கள்: தெளிவாக இருக்கும்போது எப்படிப் பேசுவது, குடித்திருக்கும்போது எப்படி விலகுவது, வைத்தியப் பேச்சை எந்த நேரத்தில் எடுப்பது. 1999ல் வெளியான ஆய்வில், இப்படிப் பயிற்சி பெற்ற வீடுகளில் 100க்கு 64ல் குடிக்கிறவர் சிகிச்சைக்கு வந்தார். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து முகத்துக்கு நேரே சொல்லும் முறையில் 30தான். நாம் செய்வது அந்த இரண்டாவது. வீட்டுப் பட்டாலையில் ஜமுக்காளம் விரித்து, பெரியவர்களை வைத்து, நாலு மணி நேரம் குற்றப்பத்திரிகை.

நாம் செய்கிற இன்னொன்று, பேப்பரில் வரும் "அவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்" மருந்து. தம்பிக்கும் ஒரு தடவை ரசத்தில் கலந்தார்கள். தயவுசெய்து வேண்டாம். டைசல்ஃபிரம் மாதிரி மாத்திரையைத் தெரியாமல் கொடுத்து, அவர் போய்க் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி, உயிர் போகவும் வாய்ப்புண்டு. கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்பதும் இந்த ரகம்தான், அதில் கலப்பது ஒரு பெண்ணின் ஆயுளை.

அடிக்கிற வீட்டில் நான் சொல்வது பொருந்தாது. அங்கே முதல் காரியம் அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் பத்திரமாக இருப்பது. பெண்கள் உதவி எண் 181க்குப் போன் செய்யலாம். ஒரே ஹாலில் சேர்ந்து உட்காருவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எய்ம்ஸ் நடத்தி 2019ல் வெளிவந்த தேசிய ஆய்வு, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது என்கிறது. அந்த ஒருவர் வீட்டிலும் டிரைவர்தான் கூடப் போகிறார் என்றால் என்ன சொல்ல? யாரிடம் ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழில் பேசலாம், காசு கிடையாது. போதைப் பழக்கத்துக்கென்றே 14446. குடிக்கிறவர்தான் பேச வேண்டும் என்று இல்லை, நீங்கள் பேசலாம். எந்த மையமாக இருந்தாலும் கட்டணம் கேட்பதற்கு முன், "எங்களை எத்தனை நாள் கூப்பிடுவீர்கள்?" என்று கேளுங்கள். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கிற வீடுகள்தான் நம்மிடம் அதிகம். இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை நான் வீடியோ காலில்தான் உட்காருகிறேன். பட்டாலைத் தூணில் சாய்த்து வைத்த போனில் பாதி நேரம் எனக்குத் தெரிவது விட்டமும் ஆத்தாவின் காதும்தான்.

தம்பியின் ஏடிஎம் கார்டு இன்னமும் என் பர்ஸில் இருக்கிறது. ஒன்றரை வருடமாக அவன் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. போன தடவை கவுன்சிலர் அதைக் கேட்டுவிட்டார். வரும் சனிக்கிழமை அதைப் பற்றி நான்தான் பேச வேண்டுமாம்.