முதலில் ஸ்டேஷனுக்கு ஒரு பஸ் விடுங்கள்

விடிகாலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளைக் கிளப்புவேன். தங்கச்சி பின்னால் ஏறிக்கொள்வாள். கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை, ஏழு மணி ஷிப்டு. எங்கள் தாமான், அதாவது குடியிருப்பிலிருந்து, சிலாங்கூர் வடக்கே பத்தாங் காலி ஸ்டேஷனுக்கு ஆறு கிலோமீட்டர். பாதி தூரம் செம்பனைக்கு நடுவே விளக்கில்லாத ரோடு. மணல் லாரி எதிரே வந்தால் ஓரத்துச் சரளையில் இறங்கி நின்றுவிட்டுத்தான் மறுபடி ஏற வேண்டும். மழை நாளில் சீருடையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வாள். ஸ்டேஷனில் மாற்றிக்கொண்டு ரயில் ஏறுவாள். ஆறு வருடமாக இப்படித்தான்.

நம் பக்கத்து ரயிலை மேம்படுத்த எதை முதலில் செய்யலாம் என்று யார் கேட்டாலும் என் பதில் இந்த ஆறு கிலோமீட்டர்தான்.

ரயிலால் எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். 1995இல் கொம்யூட்டர் என்ற மின்சாரப் புறநகர் ரயில் ஓட ஆரம்பித்தபோது வடக்கே ரவாங்கோடு நின்றது. ரவாங்குக்கு மேலே இரட்டைத் தண்டவாளமும் மின்கம்பியும் போட்ட பிறகு 2007இல் ராசா வரைக்கும், 2009இல் தஞ்சோங் மாலிம் வரைக்கும் வந்தது. அதற்கு முன்னால் பட்டணத்தில் வேலை கிடைத்தவர்கள் அங்கேயே அறை எடுத்துத் தங்கினார்கள், பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்தார்கள். கொம்யூட்டர் வந்த பிறகு அதே ஆட்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பினார்கள். அந்த அருமை எனக்குத் தெரியும்.

தண்டவாளத்தோடு எங்களுக்குள்ள உறவும் நேற்று வந்ததல்ல. 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஈயத்துக்காகப் போட்ட முதல் பாதை, அப்புறம் ரப்பருக்காக நீண்டவை. அவற்றில் மண் வெட்டியும் சல்லி கொட்டியும் கட்டை சுமந்தும் உழைத்த தமிழர்கள் கொஞ்சமல்ல. ஜப்பான்காரன் காலத்தில் 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதைக்குத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். என் தாத்தாவின் தம்பி அதில் போனவர், திரும்பவில்லை. பாட்டி கடைசி வரைக்கும் ரயில் என்ற சொல்லைக் குரல் தாழ்த்தித்தான் சொல்வார்.

சரி, இன்றைக்கு வருவோம். ஸ்டேஷன்கள் பழைய கடைத்தெருவை ஒட்டி, பழைய பாதையிலேயே இருக்கின்றன. வீடுகள்தான் இடம் மாறிவிட்டன. தோட்டங்கள் துண்டாகி விற்கப்பட்டன, லயத்து வரிசை வீடுகள் உடைந்தன, எங்கள் ஆட்கள் மலிவு விலை வீடுகளுக்கு வந்தார்கள். உலு சிலாங்கூரில் புக்கிட் பெருந்தோங், புக்கிட் செந்தோசா போன்ற குடியிருப்புகள் தொண்ணூறுகளில் நெடுஞ்சாலையை நம்பி எழுந்தவை. காடி (கார்) இருந்தால் சௌகரியம். வீட்டில் ஒரே மோட்டார் சைக்கிள், அதையும் அண்ணன் தம்பி மாற்றி மாற்றி ஓட்டினால், ரயில் ஊரில் இருந்தும் எட்டாது.

பட்டணத்தில் 2016 கடைசியில் எம்ஆர்டி என்ற நகர ரயில் ஓட ஆரம்பித்தபோது, நிலையத்தைச் சுற்றியுள்ள தாமான்களுக்கு பஸ் பெராந்தாரா என்ற இணைப்பு பஸ்ஸும் சேர்ந்தே வந்தது, ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணத்தில். நிலையத்தைத் திட்டமிட்டவர்கள் அங்கே ஆள் எப்படி வந்து சேர்வார் என்பதையும் யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனை ரவாங்கைத் தாண்டி வடக்கே வரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

"காலி பஸ்ஸை யார் ஓட்டுவது?" என்று கேட்பார்கள். எங்கள் தாமான் முனையில் ஒட்டுக்கடை பக்கத்தில் விடிகாலை வந்து நில்லுங்கள். தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ் கிலாங் வரும். எந்தத் தொழிற்சாலைக்கு எத்தனை பேர், எந்தச் சந்தில் எத்தனை மணிக்கு நிற்பார்கள், எந்த அக்கா ஐந்து நிமிடம் தாமதமாக வருவார் என்பது வரைக்கும் அந்த டிரைவருக்கு மனப்பாடம். சீட்டு காலியாகப் போவதில்லை, ஏனென்றால் பஸ் ஷிப்டைப் பார்த்து ஓடுகிறது. ஸ்டேஷனுக்கும் அதே மாதிரி ஒரு வேன் போதும். விடிகாலை இரண்டு நடை, சாயங்காலம் இரண்டு, ராத்திரி கடைசி ரயிலுக்கு ஒன்று. ரயில் தாமதமானால் வேன் காத்திருக்க வேண்டும், அது மட்டும் கண்டிப்பு. சிலாங்கூரில் 2015 முதல் மாநில அரசின் இலவச பஸ்கள் ஓடுகின்றன. ஆக, இது புதுசாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமே கிடையாது, ரயில் மணியோடு இணைக்க வேண்டிய விஷயம்.

அடுத்தது, இருப்பதைப் பழுது பார்ப்பது. போன வருடம் அம்மாவைக் கண் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் இறங்கிய நிலையத்தில் லிப்ட் கதவில் 'ரோசாக்', அதாவது பழுது, என்று ஒரு தாள். தாளின் ஓரம் மஞ்சளாகிச் சுருண்டிருந்தது, அத்தனை நாளாக ஒட்டியிருக்கிறது. இரட்டைத் தண்டவாளம் வந்த பிறகு மேம்பாலம் ஏறாமல் வெளியே போக முடியாது. நாற்பது வருடம் ரப்பர் பால் வெட்டிய முழங்கால் அது. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மேலே போய்ச் சேர்ந்ததும், "அடுத்த தடவ நீ மட்டும் போயி மருந்து வாங்கிட்டு வந்துரு" என்றார். கண்ணைப் பரிசோதிக்க வேண்டியது அவருக்கு.

மூன்றாவதாகத்தான் தண்டவாளம். இருக்கும் இரண்டு தடத்தில் மணிக்கு 140 கிலோமீட்டர் ஓடும் இடிஎஸ் விரைவு ரயில், ஒவ்வொரு ஊரிலும் நிற்கும் கொம்யூட்டர், மெதுவாக வரும் சரக்கு ரயில் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகப் போக வேண்டும். வேகமானது வந்தால் மெதுவானது ஒதுங்க வேண்டும், ஒதுங்க இடம் வேண்டும். அதனால் ஒதுங்கு தடங்களைக் கூட்டுவது, சரக்கைத் தனிப் பாதைக்கு மாற்றுவது இரண்டும் நடந்தால்தான் கொம்யூட்டரை அடிக்கடி விட முடியும். இதற்குப் பணமும் வருடங்களும் ஆகும், ஒத்துக்கொள்கிறேன்.

கிழக்குக் கரை ரயில் 665 கிலோமீட்டருக்கு வருகிறது, வரட்டும். எனக்கு அதில் வருத்தமே இல்லை. ஆனால் அந்தப் பெரிய வேலைகள் முடியும் வரை தங்கச்சி மாதிரி ஆட்கள் இருட்டில் சரளையில் இறங்கி நிற்க வேண்டியதில்லை. வேனும் விளக்கும் லிப்டும் ஒரு வருடத்தில் முடிகிற காரியம்.

செரண்டா, பத்தாங் காலி, ராசா, கோலகுபு பாரு பக்கம் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எந்தத் தாமான், எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறீர்கள், ராத்திரி எத்தனை மணிக்கு ஸ்டேஷனில் இறங்குகிறீர்கள், இந்த மூன்றை மட்டும் கீழே எழுதுங்கள். பெயர் வேண்டாம். நான் உட்கார்ந்து பட்டியல் போட்டு, மலாயில் கடிதம் எழுதி, நகராண்மைக் கழகத்துக்கும் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். எங்கள் வீட்டுக் கணக்கோடு ஆரம்பிக்கிறேன்: கிளம்புவது 4.30, இறங்குவது ராத்திரி 8.10.