அந்தப் பையை அப்படியே மேஜைல கொட்டுங்க அப்பத்தா

போன தை மாசம், பொங்கல் முடிஞ்சு ரெண்டாவது வாரம், நான் டாக்டரா இருக்குற பி.எச்.சி. (ஆரம்ப சுகாதார நிலையம்) ஓபில ஒரு அப்பத்தா வந்தாங்க. ஆதார்ல 74, அவங்க கணக்குல எண்பதுக்கு மேல. மகன் வண்டில கொண்டாந்து இறக்கி விட்டுட்டு "நீ பார்த்துட்டு இரு, நான் உரம் வாங்கிட்டு வந்துர்றேன்"னு கிளம்பிட்டாரு. என்ன ஆத்தா பண்ணுதுன்னா, "கை நடுங்குது தாயி, காப்பித்தண்ணி குடிக்க முடியல, பாதி சேலைல போகுது" அப்டின்னாங்க. வாசல்ல இன்னும் எண்பது பேர் நிக்கிறாங்க, செவ்வாய்க்கிழமை வேற, ஒரு பக்கம் மாசமான பொண்ணுங்க வரிசை. சட்டுன்னு சீட்டுல "நியூரோ ஓபினியன், ஜி.எச்."னு எழுதி அனுப்பியிருப்பேன், உண்மையச் சொல்லணும்னா பேனாவைத் தொட்டுட்டேன். அப்பதான் அவங்க மடில இருந்த மஞ்சப்பை கண்ணுல பட்டுச்சு, ஏதோ ஜவுளிக்கடை கல்யாணத்துக்கு கொடுத்த பை, உள்ள மாத்திரை அட்டையா துருத்திட்டு நின்னுச்சு.

அதை அப்படியே மேஜைல கொட்டுங்க அப்பத்தான்னு சொன்னேன். பதினோரு வகை மாத்திரை. கூடவே ஒரு ரப்பர் பேண்ட் போட்ட பழைய சீட்டுக் கட்டு, ஒரு விபூதி பொட்டலம்.

அன்னைக்கு அந்த பதினோரு மாத்திரையையும் தேதி வாரியா அடுக்கிப் பார்த்தப்போ எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. கதை இதுதான், கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா உங்க வீட்லயும் இது ஓடிட்டு இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம்.

நம்ம ஆஸ்பத்திரில பிரஷருக்கு அம்லோடிபின் 5 எம்.ஜி. வாங்கிட்டு இருந்திருக்காங்க. இடைல டவுன்ல மக வீட்டுக்குப் போனப்போ அங்க ஒரு கிளினிக்ல பிரஷர் கூட இருக்குன்னு ஒரு மாத்திரை எழுதியிருக்காங்க, அதுல டெல்மிசார்ட்டனும் அம்லோடிபினும் சேர்ந்தே இருக்கு. பேர் வேற, அட்டை கலர் வேற, அதனால ரெண்டையும் போடுறாங்க. அம்லோடிபின் கூடக்கூட கால் வீங்கும், அது அந்த மருந்தோட குணம், கிட்னி கெட்டதுக்கான அடையாளம் இல்ல. ஆனா கால் வீக்கம்னு சொன்னதும் இன்னொரு இடத்துல தண்ணி மாத்திரை, ஃப்ரூசிமைட். அது ஒண்ணுக்குப் போக வைக்கும், உடம்புல தண்ணி குறையும், எந்திரிச்சா கிறுகிறுன்னு வரும். கிறுகிறுப்புக்கு சின்னரிசின். தலைசுத்தலுக்கு நாலு நாள் கொடுக்குற மாத்திரை அது, இவங்க ஒன்றரை வருஷமா மெடிக்கல்ல அட்டையைக் காட்டி வாங்கிப் போட்டிருக்காங்க. அந்த மாத்திரையை வயசானவங்க நாள்கணக்கா போட்டா பார்க்கின்சன் மாதிரியே கை நடுக்கம், உடம்பு இறுக்கம் வரும். வந்துச்சு. நடுக்கத்துக்கு வேற ஒருத்தர் ட்ரைஹெக்ஸிபெனிடில் எழுதினார். அதுல வாய் காயும், மலச்சிக்கல் வரும், வயசானவங்களுக்கு புத்தி கலங்கும். ராத்திரில எந்திரிச்சு உக்காந்துகிட்டு செத்துப்போன தாத்தாகிட்ட பேச ஆரம்பிச்சிருக்காங்க. வீட்ல பயந்துபோயி தூங்க மாத்திரை கேட்டு வாங்கியிருக்காங்க, ஆல்ப்ரசோலம். அந்த மாத்திரையைப் போட்டுட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு கொல்லைக்குப் போகும்போது விழுந்து முட்டில அடி. முட்டிக்கு டைக்ளோஃபினாக். டைக்ளோஃபினாக் பிரஷரை ஏத்தும், டெல்மிசார்ட்டனும் தண்ணி மாத்திரையும் ஏற்கனவே உள்ள இருக்கறப்போ மூணும் சேர்ந்தா கிட்னிக்கு நல்லதே இல்ல.

பிரஷர் கூடுச்சுன்னா? இன்னொரு பிரஷர் மாத்திரை. வட்டம் போட்டாச்சு.

இதுல ஒரு டாக்டர் கூட தப்பா எழுதல, அதுதான் விஷயமே. ஒவ்வொருத்தரும் அவங்க முன்னாடி வந்த ஒரு தொந்தரவுக்கு மாத்திரை எழுதியிருக்காங்க. டவுன் டாக்டருக்கு நானே போன் போட்டேன், நல்ல மனுஷன், "ஐயையோ, உங்ககிட்டயும் வாங்குறாங்கன்னு சொல்லவே இல்லையே மேடம்"னு சொன்னார். அப்ப நான் யோக்கியமான்னு கேட்டா, அதுவும் இல்ல. அவங்க நோட்டை புரட்டினா முந்தின மூணு மாசமும் "ரிப்பீட் ஆல்"னு எழுதி கையெழுத்து போட்டது நானேதான். மூணு தடவையும் காலைப் பார்க்கல.

படுக்க வச்சு பிரஷர் பார்த்தேன், 150. எந்திரிச்சு நிக்க வச்சு ரெண்டு நிமிஷம் கழிச்சுப் பார்த்தா 124. நின்னு மூணு நிமிஷத்துக்குள்ள மேல் அளவு 20 இறங்குனாலோ கீழ் அளவு 10 இறங்குனாலோ அந்த ஆள் எப்ப வேணா விழுவாங்கன்னு அர்த்தம். இதுக்கு ஸ்கேன் வேணாம், எக்கோ வேணாம், பிரஷர் மிஷினும் அஞ்சு நிமிஷமும் போதும். அந்த அஞ்சு நிமிஷம்தான் எங்ககிட்ட இல்லாத ஒரே மருந்து.

நான் சொல்ல வர்றது இதான். வயசானவங்க வைத்தியத்துல மாத்திரை எழுதுறது பெரிய வித்தை இல்ல, எதை எடுத்து விடுறதுன்றதுதான் வித்தை, அதை செய்யவேண்டிய இடம் கார்ப்பரேட் ஆஸ்பத்திரியோ மெடிக்கல் காலேஜோ இல்ல, ஊர்ல இருக்குற பி.எச்.சி.தான். ஏன்னா ஹார்ட்டுக்கு ஒருத்தர், முட்டிக்கு ஒருத்தர், சுகருக்கு ஒருத்தர்னு போனா ஒவ்வொருத்தரும் தன் பங்குக்கு ஒண்ணு சேர்ப்பாங்க, அடுத்தவர் எழுதினதுல கை வைக்க மாட்டாங்க, அது மரியாதைன்னு நினைக்கிறாங்க. மொத்த பையையும் பார்க்க ஒரு ஆள் வேணும்ல?

இத்தனைக்கும் இந்த விஷயத்துல நாடே நம்மளப் பார்த்து கத்துக்கிட்ட ஊரு இது. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரில 1978லயே டாக்டர் வி.எஸ்.நடராஜன் முதியோருக்குன்னு தனிப் பிரிவு ஆரம்பிச்சார். எம்.டி. ஜீரியாட்ரிக்ஸ் படிப்பு இந்தியாவுலயே முதல்ல வந்தது மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்லதான், 1996ல. கிண்டில இப்ப 200 பெட்டோட முதியோருக்குன்னே ஆஸ்பத்திரி நிக்குது, 2024ல திறந்தாங்க. எல்லாம் சரி, சந்தோஷம்தான். ஆனா 2011 சென்சஸ்லயே நம்ம மாநிலத்துல நூத்துக்கு பத்து பேருக்கு மேல அறுபது தாண்டினவங்க, இப்ப இன்னும் கூடத்தான் இருக்கும், அவங்க எல்லாரும் கிண்டிக்கா போவாங்க? எங்க அப்பத்தாவுக்கு காரைக்குடியே வெளியூரு.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்தப்புறம் (2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சாங்க) மாத்திரை வீட்டுக்கே போகுது, இதை நான் குறை சொல்லவே மாட்டேன், நடக்க முடியாத எத்தனையோ பேர் மாத்திரை இல்லாம கெடந்தாங்க. ஆனா இன்னொரு பக்கம் ஒண்ணு நடக்குது. எங்க தன்னார்வலர் பொண்ணு ஒருநாள் சொல்லுச்சு, "மேடம், அந்த வீட்டு தாத்தா மாத்திரையே போடறதில்ல, அரிசி டப்பாக்குள்ள ஏழு மாச அட்டை கெடக்குது". இந்தத் தகவல் எந்த ஸ்பெஷலிஸ்ட்டுக்குக் கிடைக்கும் சொல்லுங்க? அவர்கிட்ட போயிருந்தா "மாத்திரை போட்டும் பிரஷர் குறையல"ன்னு இன்னும் ரெண்டு சேர்த்திருப்பாரு. அரிசி டப்பா வரைக்கும் போற வைத்தியம் நம்மகிட்டதான் இருக்கு, அதை வச்சு என்ன செய்றோம்னா எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம்னு எண்ணி ஆப்ல ஏத்துறோம். எத்தனை பேருக்கு நிறுத்தினோம்னு எழுத ஒரு கட்டம் அந்த ரிப்போர்ட்ல நான் பார்த்ததே இல்ல.

சுகர் விஷயத்துக்கு வர்றேன். போன வருஷம் ஆடி அமாவாசை அன்னைக்கு ஒரு தாத்தாவை ஆட்டோல தூக்கிட்டு வந்தாங்க, பேச்சு குழறுது, ஆள் அடையாளம் தெரியல, பக்கவாதம்னு ஒரே அழுகை, மதுரைக்கு 108 சொல்லவான்னு கேக்குறாங்க. சிஸ்டர் விரல்ல குத்திப் பார்த்துச்சு, சுகர் 42. விரதம்னு காலைல ஒண்ணும் சாப்பிடல, ஆனா "சுகர் மாத்திரையை மட்டும் விட்டுடக் கூடாது"ன்னு நாங்க படிச்சுப் படிச்சு சொன்னதால கிளிபென்கிளமைடை போட்டுட்டார். அந்த மாத்திரை உடம்புல ரொம்ப நேரம் நின்னு வேலை செய்யும், கிட்னி கொஞ்சம் சுணங்குன வயசானவங்களுக்கு இன்னும் நேரம் நிக்கும். ட்ரிப்ல குளுக்கோஸ் ஏத்துன கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு உக்காந்து "ஏன் இத்தனை பேரு நிக்கிறீங்க"ன்னு கேட்டாரு, சொந்தக்காரங்க எல்லாம் நான் பெரிய வைத்தியக்காரின்னு கும்பிட்டாங்க. கும்பிடவேண்டியது அந்த சிஸ்டரைத்தான். ஒரு தடவை பேச்சு தெளிஞ்சதும் வீட்டுக்கு அனுப்பிடக் கூடாது, மருந்து உள்ள இருக்கிறவரை திரும்ப இறங்கும், அதனால ராத்திரி முழுக்க வச்சுப் பார்த்தோம். அவருக்கு இப்ப மெட்ஃபார்மின் மட்டும்தான். மூணு மாச சராசரி சுகர் (HbA1c) 7.8 இருக்கு. ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு அவர் மகன் பெங்களூர்ல இருந்து போன்ல சண்டைக்கு வர்றார், ஏழுக்குள்ள இருக்கணும்ல மேடம்னு. தம்பி, ஏழுக்குள்ள வைக்கிறது உங்களுக்கு. எண்பதை நெருங்கி, தனியா இருந்து, ஒருவேளை சாப்பாட்டை மறந்துபோற ஆளுக்கு எட்டு வரைக்கும் விட்டுப் பிடிக்கிறதுதான் நல்லது, கூட இருக்கிற சுகர் பத்து வருஷம் கழிச்சு செய்யப்போற கெடுதலை விட குறைஞ்ச சுகர் இன்னைக்கு ராத்திரி செய்யுறது பெருசு.

மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா போட்டாலும் பி12 குறையும், கால் மதமதப்புன்னு வரும், அதையும் பார்க்கணும். சும்மா சத்து ஊசி போடுங்கன்னு கேக்குறவங்களுக்கு ஊசி போடுறதை விட, யாருக்கு உண்மையா பி12 இல்லைன்னு பார்த்து கொடுத்தா பிரயோஜனம்.

இதுக்காக வயசானா வைத்தியமே வேணாம்னு நான் சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க, அதுக்கும் எனக்கும் தீராத பகை. "வயசாயிடுச்சுல, அப்படித்தான் இருக்கும்"னு ஒரு வசனம் இருக்கு பாருங்க, டாக்டர்களே சொல்றோம். எண்பது தாண்டினவங்களுக்கும் பிரஷருக்கு வைத்தியம் பண்ணினா பக்கவாதமும் ஹார்ட் ஃபெயிலியரும் குறையுதுன்னு 2008லயே பெரிய ஆராய்ச்சில காட்டிட்டாங்க, ஆனா அதுல அவங்க இறக்கப் பார்த்தது 150க்கு 80, நாப்பது வயசுக்காரனுக்கு வைக்கிற அளவு இல்ல. காது கேக்கலன்னு ரெண்டு வருஷமா ஒதுங்கி உக்காந்திருந்த ஒரு ஐயா, வீட்ல மறதி நோய்னு முடிவே பண்ணிட்டாங்க, காதுல அடைச்ச குரும்பியை எடுத்து விட்டதும் டீக்கடை அரசியல் பேச திரும்பிட்டார். திடீர்னு ரெண்டு நாள்ல உளற ஆரம்பிச்சா அது மறதி நோய் இல்ல, முதல்ல யூரின் பாருங்க, சளி பாருங்க, ரத்தத்துல உப்புச்சத்து (சோடியம்) பாருங்க, புதுசா என்ன மாத்திரை போட்டாங்கன்னு பாருங்க. இதையெல்லாம் வயசு மேல பழியப் போட்டுட்டு போயிட்டா எப்படி.

அப்புறம் அவங்களா வாயத் திறந்து சொல்லாத ஒண்ணு இருக்கு. எங்க பக்கத்து ஆத்தாக்கள் ஒண்ணுக்கு தன்னால போகுதுன்னு சொல்லவே மாட்டாங்க. கல்யாணத்துக்குப் போறதில்ல, பஸ் ஏறுறதில்ல, தண்ணி குடிக்கிறதில்ல. கேட்டா "முட்டி வலி தாயி"ம்பாங்க. இருமினா தும்மினா சேலை நனையுதான்னு பக்கத்துல உக்காந்து மெதுவா கேட்டா, முந்தானையை வாய்ல வச்சுக்கிட்டு தலையாட்டுவாங்க. அதுக்கு பயிற்சி இருக்கு, வைத்தியம் இருக்கு. கேக்கத்தான் ஆள் இல்ல.

சரி, நம்ம அப்பத்தா. ஒரே நாள்ல எல்லாத்தையும் தூக்கிப் போடல, அது ஆபத்து. ஹார்ட்டும் கிட்னியும் செக் பண்ணிட்டு முதல்ல டபுளா போன அம்லோடிபினையும் தண்ணி மாத்திரையையும் டைக்ளோஃபினாக்கையும் எடுத்தேன், வலிக்கு பாராசிட்டமால். அப்புறம் சின்னரிசின். தூக்க மாத்திரையையும் நடுக்க மாத்திரையையும் வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா குறைச்சோம். கடைசில கேஸ் மாத்திரை. ஒவ்வொண்ணுக்கும் அவங்களோட சண்டை, "எல்லாத்தையும் புடுங்கிட்டியே, என்னைய சாகச் சொல்றியா"ன்னு ஒருநாள் அழுதே விட்டாங்க. மாத்திரையை நிறுத்தினா கவனிப்பே போயிடும்னு அவங்களுக்கு பயம், அது நியாயமான பயம்தான், மாசாமாசம் அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசுறதே மாத்திரை கொடுக்கிறவங்க மட்டும்தானே. இப்ப அஞ்சு மாத்திரை. கால் வீக்கம் ஒரு மாசத்துல வத்திடுச்சு. ராத்திரி தாத்தா வர்றதில்ல (அதுல கொஞ்சம் வருத்தம்னு சிரிச்சாங்க). நடுக்கம் போக நாலஞ்சு மாசம் ஆச்சு, இடது கைல இன்னும் லேசா இருக்கு, அது உண்மையிலேயே பார்க்கின்சனா இருக்குமோன்னு எனக்கு ஒரு சந்தேகம் ஓடிட்டுதான் இருக்கு, பார்த்துட்டு இருக்கேன். டம்ளரை ஒரு கையால பிடிக்கிறாங்க.

இதைப் படிச்சிட்டு கமெண்ட்ல மாத்திரை பேரைப் போட்டு "அம்மாவுக்கு இதை நிறுத்தலாமா"ன்னு கேக்காதீங்க, நான் சொல்ல மாட்டேன், நீங்களா நிறுத்தவும் கூடாது, சில மாத்திரையை சட்டுன்னு விட்டா நெஞ்சுவலி, வலிப்புன்னு போய் நிக்கும். வீட்ல இருக்கிற எல்லா அட்டையும், நாட்டு மருந்து, பக்கத்து வீட்ல கொடுத்தது உட்பட ஒரு பைல போட்டு, சீட்டு, நோட்டு எல்லாம் எடுத்துகிட்டு அம்மாவையும் கூட்டிட்டு பக்கத்து பி.எச்.சி.க்கு போங்க. காலைல எட்டரைக்குப் போகாதீங்க, பதினொன்றரைக்கு மேல போங்க, கூட்டம் வடிஞ்சிருக்கும். உரம் வாங்கப் போகாம கூடவே உக்காருங்க.